துடைப்பச் சோளம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், கோவில்பட்டியிலிருந்து எங்கள் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பருவம் தப்பிப் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், சாலையோரத்துக் களத்தில் புதிதாக அடுக்கியிருந்த சோளத்தட்டைப் படப்பின்மேல் வெயில் பட்டு, இளஞ்சூடான ஆவி கிளம்பி, அந்த வாசனை காரின் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கரிசல் சீமையில் பிறந்தவனுக்கு நனைந்த சோளத்தட்டையின் வாசனை பால்யத்தை ஞாபகப்படுத்துவதுதான் இயல்பு. எனக்கோ அது கடல் கடந்த தேசத்தில், கெண்டக்கி மாநிலத்துக் குன்றுகளின் அடிவாரத்தில், பெரீயா என்னும் சிற்றூரில், குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் ஆவி படர்ந்து மங்கியிருக்கும் ஒரு துடைப்பப் பட்டறையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பட்டறையில் துடைப்பம் கட்டித்தான் நான் பட்டம் பெற்றேன்.

இதைச் சொன்னால் இக்காலத்து இளைஞர்கள் ஏதோ உவமையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உவமை அன்று, உள்ளபடியே நடந்த விஷயம். பெரீயா கல்லூரியில் 1892-ஆம் ஆண்டு முதல் எந்த மாணவனிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக, அங்கே சேருகிற ஒவ்வொருவனும், ஒவ்வொருத்தியும், வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியின் வேலைகளில் ஏதேனும் ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். சமையற்கூடம், சலவைச்சாலை, பால் பண்ணை, நூலகம், தறிக்கூடம், மரவேலைப் பட்டறை, அலுவலகத் தட்டச்சு என்று அக்காலத்தில் வேலைகள் பலவகை. எந்த வேலை யாருக்கு என்பதை, முக்கியமாக முதல் வருஷத்தில், தொழிலுக்கென்றே இருந்த அலுவலகம் தீர்மானிக்கும். ஆகஸ்டு மாதக் கடைசியில், அந்த அலுவலகத்தின் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே துடைப்பப் பட்டறை என்று எழுதியிருந்ததை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் துடைப்பம் கதவுக்குப் பின்னால், பிறர் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய வஸ்து. வெளியே புறப்படுகிறபோது அதன்மேல் கண் படக்கூடாது. வாசல் பெருக்குவது பெண்களின் காரியம், தெருவைப் பெருக்குவது இன்னாருடைய காரியம் என்று ஊரில் எழுதாத சட்டம் இருந்தது. ஆண் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பது அவனை அவமானப்படுத்துவதற்குச் சமானம். மதுரையில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், என் வீட்டு நிலைமையை அறிந்து, கட்டணமே இல்லாத கல்லூரி ஒன்று தம் நாட்டில் இருக்கிறது என்றும், அங்கே சொற்பமாக வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொல்லி விண்ணப்பம் போடச் செய்தார். சொற்பமான வேலை என்றால் புத்தகங்களை அடுக்கி வைப்பதாக இருக்கும் என்பதே எங்கள் வீட்டாருடைய அனுமானம்.

பட்டறையின் மேற்பார்வையாளர் மலைப்பிரதேசத்துக்காரர், பேச்சு குறைவு. முதல் நாள் அவர் எனக்கு எதையும் உபதேசிக்கவில்லை. நீரில் நனைத்து வைத்திருந்த கற்றைகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். முகர்ந்தேன். எங்கள் ஊர்ப் படப்பின் வாசனை! அது சோளத்தில் ஒரு ஜாதி என்பதையும், தானியத்துக்காக அன்றித் துடைப்பத்துக்காகவே பயிரிடப்படுவது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நம்முடைய சோளக் கதிரில் நடுத்தண்டைச் சுற்றி மணிகள் நெருங்கி இருக்கும். இந்தச் சோளத்திலோ கதிர் உருண்டு திரளாமல், நீண்ட மெல்லிய காம்புகளாக விரிந்து தொங்கும். அந்தக் காம்புகளுக்குத்தான் மதிப்பு.

வேலையை மெதுவாகக் கற்றேன். காம்புகளை நீளவாரியாகத் தரம் பிரிக்க வேண்டும். நனைத்து இளக்க வேண்டும். காலால் மிதித்து இயக்கும் சுற்றுப்பொறியில் மரக்கைப்பிடியை மாட்டி, கம்பியை இழுத்துப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று கற்றைகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும். கம்பியின் இறுக்கம் தளர்ந்தால் துடைப்பம் ஒரு மாதத்தில் உதிர்ந்து போகும். அதிகமாக இறுக்கினால் காம்புகள் வெட்டுப்படும். சுற்றி முடித்த பின் கிடுக்கியில் வைத்துத் தட்டையாக்கி, பெரிய ஊசியால் குறுக்கே தையல் போட்டு, அடியைச் சமமாகக் கத்தரிக்க வேண்டும். விரல்களில் முதல் மாதம் முழுவதும் கம்பி அறுத்த காயம். கணிதப் பரீட்சை எழுதிய அன்று பென்சிலைப் பிடிக்கச் சிரமப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால், குறையொன்றும் இல்லாமல் ஒரு துடைப்பத்தை நானே ஆதியந்தம் கட்டி முடித்து, மேற்பார்வையாளர் அதை வளைத்துப் பார்த்து, உலுக்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் விற்பனைக்குப் போகும் அடுக்கில் வைத்த அந்தக் கணத்தில் எனக்கு உண்டான திருப்தி, பிற்காலத்தில் எத்தனையோ சான்றிதழ்களைப் பெற்றபோதும் உண்டானதில்லை.

வீட்டுக்கு உள்ளதை உள்ளபடியே எழுதினேன். அம்மா அழுதாள் என்று தங்கை பதில் எழுதியிருந்தாள். "வீட்ல ஒரு தும்பக்கூட எடுத்துப் போடாத பிள்ளைய, அங்க போயி வெளக்குமாறு கட்டச் சொல்லுதானா?" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாளாம். அப்பாவின் கடிதம் இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்தது. பிரித்துப் படிக்க எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது. அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை, முழுவதும் கேள்விகள். அந்தச் சோளம் எத்தனை மாதப் பயிர்? மானாவாரியா, இறவையா? எப்படிப்பட்ட மண்? தட்டையை மாடு தின்னுமா? குருத்துப் பூச்சி விழுமா? மேற்பார்வையாளரிடம் அவற்றை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக் கேட்டேன். அவரும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. என்றும் பேசாத அந்த மனிதர் அன்று மாலை முழுவதும் பேசினார். இல்லினாய் மாநிலத்தில் ஆர்க்கோலா என்னும் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் இந்தச் சோளம் மிகுதியாக விளைந்ததையும், மணி முற்றுவதற்கு முன்னால் பசுமை மாறாமல் கதிரைக் கையால் அறுக்க வேண்டியிருப்பதால் அந்த அறுப்பு எவ்வளவு கடினம் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி, அப்பாவுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும், ஒருவரையொருவர் காணாமலே, என் மூலமாக நெடுநாள் வேளாண்மை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரீயாவின் சரித்திரத்தை அந்தப் பட்டறையில் வேலை செய்துகொண்டே, பக்கத்துப் பொறியில் இருந்த நண்பனிடமிருந்துதான் கேட்டறிந்தேன். அவன் அலபாமாவிலிருந்து வந்த நீக்ரோ மாணவன். அக்காலத்தில் அப்படித்தான் சொல்வோம், இப்போது கறுப்பினத்தவர் என்பதே வழக்கு. ஜான் ஃபீ என்னும் பாதிரியார், அடிமை முறையை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர், 1855-இல் ஓர் அறைப் பள்ளியாக அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நிலம் கொடுத்து அவரை அங்கே அழைத்தவர் காஸியஸ் கிளே என்னும் நிலச்சுவான்தார். எல்லா ஜனங்களும் ஒரே இரத்தத்தினால் உண்டாக்கப்பட்டவர்கள் என்ற வேத வாக்கியத்தைப் பள்ளியின் கொள்கையாகக் கொண்டு, அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஒரு மாநிலத்தின் நடுவில் அவர் அதை நடத்த முயன்றதற்கு, 1859-இல் ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் வந்து அவரையும் சகாக்களையும் ஊரைவிட்டே துரத்தினார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து, வெள்ளையர் பிள்ளைகளையும் விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்த நற்காலம் 1904 வரையில் நீடித்தது. இரு நிறத்தாரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாதென்று கெண்டக்கி சட்டசபை அந்த ஆண்டு சட்டம் செய்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரையில் போராடி 1908-இல் தோற்றது. அந்தச் சட்டம் 1950-இல் திருத்தப்பட்ட பிறகே கறுப்பு மாணவர்கள் திரும்பி வர முடிந்தது. கறுப்பின மக்களின் சரித்திரத்தை ஒரு கல்வித் துறையாகவே நிலைநாட்டிய கார்ட்டர் உட்ஸன் அங்கே பட்டம் பெற்றது 1903-இல். கதவு சாத்தப்படுவதற்கு முந்திய ஆண்டு.

"என் தாத்தாவின் தாத்தா கூலி இல்லாமல் வேலை செய்தார், நான் கூலிக்கு வேலை செய்கிறேன், என் பக்கத்தில் வெள்ளைக்காரன் அதே கூலிக்கு அதே வேலையைச் செய்கிறான்" என்று அந்த நண்பன் ஒரு தடவை சொன்னான். துடைப்பத்தைத் தொடத் தயங்கிய என் மனத்துக்கு அதைவிட வேறு மருந்து தேவையாக இருக்கவில்லை. அவன் வேலைக்காக வெட்கப்படவில்லை. வேலை ஒருவனுக்கு மட்டும் விதிக்கப்படுவதே வெட்கத்துக்குரியது என்று அவன் கருதினான்.

மாணவர்களுடைய கூலியைக் கொண்டுதான் அந்தக் கல்லூரி நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. எங்களுக்குக் கிடைத்த கூலி மணிக்குச் சில காசுகள்தாம். அதுவும் விடுதிக் கணக்கில் வரவு வைக்கப்படும். நான் கட்டிய துடைப்பங்கள் எல்லாவற்றையும் விற்றாலும் எனக்குப் பாடம் சொன்ன ஒரு பேராசிரியரின் சில மாதச் சம்பளத்துக்குக் காணாது. கல்லூரியைத் தாங்குவது அதன் மூலதனம். நிபந்தனையில்லாமல் எழுதிவைக்கப்படுகிற உயில் சொத்துக்களையெல்லாம் செலவழிக்காமல் மூலதனத்தோடு சேர்ப்பதென்று 1920-இல் தர்மகர்த்தாக்கள் எடுத்த முடிவின் பலனாக அது பெருகியது. அப்படியானால் வேலை எதற்காக? பணத்துக்காக மட்டும் அன்று என்பதே விடை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை அந்தக் கல்லூரி சேர்ப்பதில்லை. பணமில்லாதவர்களையே தேடிச் சேர்க்கிறது. அவர்கள் அத்தனை பேரும் வேலை செய்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுகிறவன் நாளை காலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ரசாயனம் படிக்கப் போகிறவன். நீ அவனுடைய சட்டையைச் சலவை செய்திருப்பாய். ஆகையால் அங்கே ஏவலாள் என்று ஒருவனும் இல்லை.

மலைநாட்டுத் தாய்மார்களைப் பற்றிய ஒரு வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். வில்லியம் கூடெல் பிராஸ்ட் என்பவர் கல்லூரித் தலைவராக இருந்த காலத்தில், அப்பலேச்சிய மலைகளில் கையில் ரொக்கமே பார்த்திராத குடும்பங்கள், பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கு ஈடாகத் தாங்கள் வீட்டிலே நூற்றுச் சாயமிட்டு நெய்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அவர் அவற்றை வட மாநிலங்களுக்கு எடுத்துச் சென்று காட்ட, அங்கே அவற்றுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. அதிலிருந்தே கல்லூரியின் நெசவுத் தொழில் வளர்ந்தது. ஒரு தாய் தறியில் உட்கார்ந்து நெய்த இத்தனை முழம் போர்வை, மகனுடைய இத்தனை மாதப் படிப்பு என்று கணக்கிட்டுப் பார்க்கையில், அந்தப் போர்வைகளில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த எனக்கு அதன் முன்னால் கை கூப்பத் தோன்றியது.

அடுத்த வருஷம் என்னைப் பூன் டாவர்ன் என்னும் கல்லூரி விடுதிக்கு மாற்றினார்கள். வெள்ளைத் தூண்களும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட கம்பீரமான கட்டடம். 1909 முதல் யாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் ஹோட்டல். பரிமாறுகிறவர்கள் மாணவர்கள். மக்காச்சோள மாவும் முட்டையும் பாலும் சேர்த்து வேகவைத்த, கரண்டியால் எடுத்துப் போடும்படி அத்தனை மிருதுவான ஒரு பலகாரத்தை ஒவ்வொரு மேஜைக்கும் சுடச்சுடக் கொண்டுபோவது எங்கள் முதற் கடமை. விருந்தினர்கள் அதை விரும்பி இரண்டாம் முறையும் கேட்பார்கள். அங்கே ஒரு விசேஷமான வழக்கம் இருந்தது: இனாம் வாங்கக் கூடாது. செல்வந்தர் ஒருவர் தட்டுக்கு அடியில் காகித நோட்டை வைத்துவிட்டுப் போனால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் எனக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது; அந்த நோட்டு ஒன்றில் அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கலாமே! நாளடைவில் அந்த விதியின் நுட்பம் புலப்பட்டது. இனாம் வாங்கினால், கொடுத்தவர் எஜமானர் ஆகிவிடுகிறார். வாங்காதவரையில், அவர் விருந்தினர், நாம் வீட்டுக்காரர்.

எங்கள் பள்ளியில் தமிழ் கற்பித்த ஐயர் ஒருவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் அவர் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தவர். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறொரு வீடு என்று வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு வீடுகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு அன்னமிட்டு வந்த வழக்கம் அது. வித்தையை வளர்த்த புண்ணிய காரியம் என்பதில் சந்தேகமில்லை. எத்தனையோ மேதைகள் அந்தச் சோற்றில் வளர்ந்தார்கள். ஆனால் அவர் சொல்வார்: ஒரு வீட்டில் கிணற்றில் நீர் இறைத்துக் கொட்ட வேண்டும், ஒரு வீட்டில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு வீட்டில் வேலை ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் இலை போடும்போது அந்த அம்மாளின் முகம் ஒரு மாதிரி இருக்கும். "வேல வாங்கின வீட்டுச் சோறு நன்னா ஜீரணமாச்சுடா. சும்மா போட்ட சோறுதான் தொண்டையில நின்னுது" என்பார். பூன் டாவர்னில் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடும்போதெல்லாம் அவருடைய குரல் எனக்குக் கேட்கும்.

பெரீயாவை விட்டு, மேற்படிப்புக்காக வட மாநிலம் ஒன்றின் பெரிய சர்வகலாசாலைக்குப் போனேன். அங்கேயும் மாணவர்கள் வேலை செய்தார்கள். ஜனாதிபதி ஜான்ஸன் 1964 ஆகஸ்டில் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, ஏழை மாணவனுக்குக் கல்லூரியிலேயே வேலை கொடுத்தால், அவனுடைய கூலியில் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் தந்துவந்தது. அந்த ஏற்பாட்டின் வேர் ஜான்ஸனுடைய வாலிபத்திலேயே இருக்கிறது. டெக்ஸாஸில் ஸான் மார்க்கோஸ் ஆசிரியர் கல்லூரியில் குப்பை பொறுக்கியும் கட்டடம் துப்புரவு செய்தும் படித்தவர் அவர். பின்னர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935-இல் தேசிய இளைஞர் நிர்வாகத்தை ஏற்படுத்தியபோது, முப்பது வயது நிரம்பாத ஜான்ஸனே டெக்ஸாஸ் கிளையின் தலைவர். கல்லூரி மாணவருக்கு மாதம் சுமார் பதினைந்து டாலர் கூலி கொடுத்த அந்தத் திட்டத்தில்தான் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், மிச்சிகன் சர்வகலாசாலையின் சோதனைக்கூடத்து எலிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு படித்தார். முப்பது ஆண்டு கழித்து, உயர் கல்விச் சட்டத்தில் 1965 நவம்பரில் ஜான்ஸன் தம்முடைய பழைய கல்லூரிக்கே சென்று அங்கே கையொப்பமிட்டார் என்பதைப் படிக்கும்போது, அந்த மனிதர்மேல் வேறு காரணங்களால் உண்டாகும் மனக்கசப்புகளை மீறி, எனக்கு அன்பு சுரக்கிறது.

இருந்தாலும் அந்த சர்வகலாசாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் நாள் தட்டை ஏந்தி நின்றபோது என் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் மாணவர்கள். ஆனால் மாணவர்களில் சிலர் மட்டுமே துடைத்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து உண்டார்கள். வெள்ளை ஏப்ரன் கட்டியவன் ஏழை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உண்டவர்கள் நல்ல பிள்ளைகள்தாம், நன்றி சொல்லத் தவறமாட்டார்கள். எனினும் பெரீயாவில் நான் ஒரு நாளும் உணராத இடைவெளி ஒன்று அந்த மேஜைக்கும் துணிக்கும் நடுவில் இருந்தது.

இப்போது என் பேத்தி அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு சர்வகலாசாலையில், அதே வேலைத் திட்டத்தின்கீழ் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். "தாத்தா, இந்தப் பணம் ஃபீஸுக்குக் காணவே காணாது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறாள். கணக்குப் பார்த்தேன். மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்களில் இதைவிட அதிகம் உண்டு என்றாலும், இந்தக் கூலியில் வாரத்துக்குப் பத்து மணி, வருஷத்துக்கு முப்பது வாரம் உழைத்தால் 2,175 டாலர் வரும். மாநில சர்வகலாசாலைகளின் சராசரிக் கட்டணமோ, அந்தந்த மாநிலத்தாருக்கே, பதினாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. நான் படித்த காலத்தில் அந்தக் கட்டணம் சில நூறு டாலருக்குள் அடங்கியிருந்தது. கூலி மணிக்கு 1.60 டாலர். அதே முந்நூறு மணி நேரத்துக்கு 480 டாலர் வந்தது. அன்று ஒரு பையன் மேஜை துடைத்துத் தன் கட்டணத்தைத் தானே கட்ட முடிந்தது. இன்று அவன் துடைப்பதும் துடைக்கிறான், கடனும் வாங்குகிறான். கூலி அற்பமாகிவிட்டபோது, எல்லாரும் உழைப்பது என்ற கொள்கையும் இல்லாமற்போனால், மிஞ்சுவது அந்த ஏப்ரனின் அடையாளம் மட்டுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

நம் நாட்டில் படிப்போடு உழைப்பைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பழைய காயம் ஒன்று உடனே வலிக்கும், வலிப்பது நியாயமே. நான் முதல் வகுப்பில் சேர்ந்த காலத்தில்தான், 1953-இல், ராஜாஜி கிராமப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளி மத்தியானமே விட்டுவிடும் என்ற அளவில் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலவைத் தொழிலாளியின் மகனோ, பள்ளி விட்டதும் ஊரார் துணி மூட்டையின் பின்னால் ஆற்றுக்குப் போனான். குலக்கல்வி என்று கண்டனம் எழுந்து, 1954-இல் காமராஜர் முதன்மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது முற்றிலும் சரி. பெரீயாவின் சலவைச்சாலையில் ஒரு பாதிரியாரின் மகன் துணி வெளுப்பதை நான் பார்த்த அன்று எனக்கு அந்தப் பழைய தோழன் ஞாபகம் வந்தது. இருவரும் செய்தது ஒரே வேலை. பாதிரியாரின் மகனுக்கு அதைக் கொடுத்தது ஓர் அலுவலகத்துப் பட்டியல்; அடுத்த வருஷம் பட்டியல் மாறும். என் தோழனுக்கு அதைக் கொடுத்தது பிறப்பு.

எங்கள் ஜில்லாவிலேயே, சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் படிப்போடு உடலுழைப்பையும் சேர்த்துக் கற்பிக்கும் உயர்ந்த நோக்கம் இருந்தது. ஜாதி பார்த்துப் போட்ட தனிப்பந்தி என்ற ஒரு விஷயம் அதைக் குலைத்துவிட்டது. அதே காலத்தில் மகாராஷ்டிரத்தில், 1919-இல் ரயத் சிக்ஷண் ஸன்ஸ்தாவைத் தோற்றுவித்த கர்மவீர் பாவுராவ் பாட்டீல், சாத்தாராவில் எல்லா ஜாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் வைத்து, ஒரே பந்தியில் உண்ணச் செய்து, உழைத்துக்கொண்டே படிக்கும் முறையை வேரூன்றச் செய்தார். 1947-இல் அங்கே கல்லூரியும் எழுந்தது. அந்த வழி மராட்டியக் கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது. பந்தியும் பட்டியலும் சரியாக இருந்தால் நம் மண்ணிலும் அது தழைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சென்ற வைகாசியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் வெள்ளைக் கையுறையும் தொப்பியும் அணிந்து இலைக்கு இலை கூட்டு வைத்துக்கொண்டு வந்த பையன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் நிர்வாகக் குழுவில் அங்கத்தினனாக இருக்கும் கல்லூரி ஒன்றின் மாணவன் அவன். இயற்பியல் இரண்டாம் வருஷம். சாப்பிட்டு முடிந்து நான் கை கழுவப் போன இடத்துக்கு அவனே வந்தான்.

"ஐயா, காலேஜ்ல யார்ட்டயும் சொல்லிராதீங்கய்யா."

"ஏம்ப்பா, தப்பா பண்ணுத?"

"தப்பில்லய்யா. பசங்க கிண்டல் பண்ணுவாங்க."

விசாரித்ததில், முகூர்த்த நாட்களில் அவனைப் போல் நூற்றுக்கணக்கான கல்லூரிப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. மாலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பாத்திரம் கழுவி முடிய நள்ளிரவாகும். மண்டபத்திலேயே படுத்துவிட்டுக் காலைப் பந்தியும் பரிமாறிவிட்டு, கிடைத்த சில நூறு ரூபாயோடு அப்படியே வகுப்புக்கு வருவார்கள். பரீட்சைக் கட்டணத்தை அதிலிருந்துதான் கட்டுவதாக அவன் சொன்னான். நகரங்களில் இன்னும் சிலர் இரவெல்லாம் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நம்முடைய பிள்ளைகள் உழைக்கவில்லை என்று யார் சொன்னது? உழைக்கிறார்கள், கல்லூரிக்குத் தெரியாமல், தோழர்களுக்குத் தெரியாமல், தூக்கத்தைப் பறிகொடுத்து உழைக்கிறார்கள். பூன் டாவர்னில் நான் தலை நிமிர்ந்து செய்த அதே வேலையை, அதே வயதில், இந்தப் பிள்ளை தலை கவிழ்ந்து செய்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழுவின் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். அந்தப் பையனைப் பற்றி மூச்சு விடவில்லை. நூலகம், தோட்டம், சோதனைக்கூடம், அலுவலகம், சாப்பாட்டுக் கூடம் ஆகிய எல்லா இடங்களிலும் மாணவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேர வேலை கொடுத்து, கூலியைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். வறுமைச் சான்றிதழ் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று பொருளாளர் கேட்டார். கூடாது என்றேன். பணமுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே பட்டியலில் வரவேண்டும்; கூலி வேண்டாமென்றால் அவன் பங்கை மற்றவர்களுக்குச் சேர்த்துவிடலாம்; வேலையிலிருந்து மட்டும் அவனுக்கு விலக்கு இல்லை. பட்டியலைக் குலுக்கிப் போட்டு எடுக்கவேண்டும், வருஷந்தோறும் மாற்றவேண்டும், ஒருவனுடைய ஜாதியையோ தகப்பன் தொழிலையோ அறிந்த யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் முதல்வர். வரட்டும், பேசுவோம், என் அம்மாவும்தான் அழுதாள்.

நீண்ட விவாதத்துக்குப் பின், வருகிற ஜூன் மாதத்திலிருந்து முதல் வருஷ மாணவர் அனைவரையும் கொண்டு நூலகத்திலும் தோட்டத்திலும் தொடங்கிப் பார்க்க இசைந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தையும் துப்புரவையும் இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது பெரும்பான்மையோருடைய அபிப்பிராயம். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டால் பாக்கி இருப்பதைச் செய்ய எவனும் கூசமாட்டான். அடுத்த கூட்டம் பங்குனி உத்திரம் கழித்து நடக்கிறது. பெரீயாவின் தொழில் அலுவலகத்தில் வேலைகளைப் பங்கிட்ட முறையை, நினைவிலுள்ளவரையில், அதற்குள் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.